இத்தா வீட்டு யன்னல்

கல்முனைக்குடியில் கிணத்தடி ஒழுங்கையைப் போல பாதுகாப்பான ஒழுங்கை வேறு இல்லை என்று அந்த ஒழுங்கைக்காரர்களே சொல்லிக்கொள்வார்கள். மற்ற ஒழுங்கைக்காரர்கள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. மெயின் ரோட்டில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் தொடங்கி நேரே கிழக்கே போய்க் கடற்கரையில் முடிகிற ஒழுங்கை அது. இருபத்தெட்டு வீடுகள், இருபத்தெட்டுக்கும் மதில், மதிலுக்கு மேல் உடைந்த போத்தல் துண்டுகள், போதாததற்குப் பதினொரு கெமராக்கள். கெமரா பூட்டவென்றே ஒரு பாதுகாப்புக் குழு போட்டார்கள். குழுவுக்குத் தலைவர் பளீல் மரைக்கார். கம்பி இழுத்துக் கெமரா பூட்டிக் கொடுத்தவன் அவருடைய மகன் றிஸ்கான்.

இவ்வளவும் செய்த பிறகுதான் களவு கூடியது என்பது அந்த ஒழுங்கைக்கு வந்த சோதனை. மூன்று மாதத்துக்குள் நாலு களவு, நாலும் பட்டப்பகலில். முதலில் ஒரு தண்ணி மோட்டர் போனது. பிறகு ஒரு காஸ் சிலிண்டர். பிறகு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த செப்புக் கிடாரம். நாலாவதாக, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம், றஸ்னா ரீச்சர் தாய்வீட்டுக்கு மருதமுனைக்குப் போயிருந்தபோது அவளுடைய ஒரு சோடிக் காப்பு போனது. ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குள் குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்த நேரம். பெண்கள் வீட்டுக்குள். ஒழுங்கையில் குருவி கூட இல்லை என்றார்கள்.

அந்தப் பதினொரு கெமராவும் பார்க்காததை ஒருத்தி பார்த்திருந்தாள். அவளை ஒழுங்கையில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சுல்பிகா இத்தா இருந்தாள். அவளுடைய புருஷன், வயல்காரர் அச்சிமுகம்மது போடியார் மௌத்தாகி எண்பத்தாறு நாள் ஆகியிருந்தது. புருஷன் இறந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல், பிற ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அந்த ஊரில் அதைக் கடுமையாகவே பார்ப்பார்கள். வீடு இப்போது மகள் அஸ்னாவுக்குச் சீதனமாக எழுதிய வீடு. சுல்பிகாவுக்கு ஒழுங்கைப் பக்கத்து அறையை ஒதுக்கி, மருமகன் றாஸிக் யன்னலுக்குக் கறுப்புக் கண்ணாடி பூட்டித் திரையும் போட்டுக் கொடுத்திருந்தான். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. உள்ளேயிருந்து பார்த்தால் எதிர் மதிலில் ஓடுகிற எறும்பும் தெரியும்.

அவள் சும்மா இருக்கிற பெண் அல்ல. முப்பது வருஷம் நாவிதன்வெளி வயல் வட்டைக்குச் சோறு கட்டி அனுப்பியவள், நெல்லுச் சூடு அடிக்கிற காலத்தில் பதினைந்து பேருக்கு ஒரே அடுப்பில் ஆக்கி இறக்கியவள். அப்படிப்பட்டவளை அறைக்குள் வைத்தால் என்ன செய்வாள்? யன்னலடியில் பாய் விரித்து, சுளகில் அரிசி கொழித்துக் கல் பொறுக்கினாள், கருவாட்டுக்கு முள் எடுத்தாள், வெங்காயம் உரித்தாள். உரித்துக்கொண்டே ஒழுங்கையைப் பார்த்தாள். மீன்காரன் எத்தனை மணிக்கு வருகிறான், எந்த வீட்டுக் கேற் திறந்து கிடக்கிறது, யாருடைய ஆடு யாருடைய பூக்கன்றைக் கடிக்கிறது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அந்த வெள்ளிக்கிழமை கச்சான் காற்று மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. குத்பா ஒலிபெருக்கியில் கேட்டது. எதிரில் றஸ்னாவின் மதிலால் வெள்ளை ஜுப்பாப் போட்ட ஒருவன் இறங்கினான். இறங்கும்போது முகம் இந்தப் பக்கம் திரும்பியது. றிஸ்கான். அவளுடைய அண்ணன் பளீல் காக்காவின் மகன்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான், அதுவும் வேறு கோபம். முந்தநாள் இவன்தான் அந்த வீட்டில் கெமரா வயர் இழுத்தான், எதையோ விட்டுவிட்டு எடுக்க வந்திருக்கிறான், அதற்காக ஜும்ஆவை விடுவதா, வரட்டும், காதைத் திருகுகிறேன் என்று நினைத்துக்கொண்டு வெங்காயத்தை உரித்தாள். அஸர் தொழுகைக்குப் பிறகு றஸ்னா அழுகிற சத்தம் கேட்டது. காப்பைக் காணவில்லை என்று அஸ்னா வந்து சொன்னாள். சுல்பிகாவின் கை அப்படியே நின்றது.

மறுநாள் றிஸ்கான் வந்தான். அவள் தகப்பனின் தங்கை என்பதால் அவன் உள்ளே வருவதற்குத் தடையில்லை. இத்தா தொடங்கிய நாளிலிருந்து கிழமைக்கு இரண்டு தரமாவது வருவான், மாமிக்குப் பிடித்த அவித்த சோளம் கொண்டுவருவான். அன்றும் கொண்டுவந்தான். இருபத்தாறு வயது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. போதைத்தூள் பாவிக்கிறான் என்று யாரோ சொன்னதாக அஸ்னா ஒருநாள் சொன்னபோது சுல்பிகா அவளுக்குத்தான் ஏசினாள்.

"மாமி, நேத்து ஜும்ஆ நேரம் நீங்க என்ன செஞ்ச?"

"தொழுதுகொண்டிருந்தன் மகன்."

"யன்னலடியில இருக்கல்லயா?"

"இல்ல மகன்."

அவன் சோளத்தை அவள் கையில் வைத்துவிட்டுப் போனான். அவள் அதைத் தின்னவில்லை. அல்லாஹ்வுக்காக இத்தா இருக்கிறவள், தஸ்பீஹ் மணி கையோடு இருக்கிறவள், முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருந்தாள். யன்னலடியில் மாமி இருக்கிறாள் என்பதை மறந்துதான் அவன் அந்த மதிலால் ஏறினானா, அல்லது மாமி கண்டாலும் சொல்லமாட்டாள் என்று நம்பி ஏறினானா என்று யோசித்தாள். இரண்டாவதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. ஏனென்றால் அவன் நம்பியது சரியாகவே இருந்தது.

சொல்லாததற்கு அவளிடம் காரணம் இருந்தது. அவள் இருக்கிற அந்த வீட்டைக் கட்டியவர் பளீல் காக்கா. வாப்பா இறந்தபோது சுல்பிகாவுக்கு ஒன்பது வயது. தங்கைக்கு ஒரு வீடு கட்டாமல் தான் கலியாணம் முடிப்பதில்லை என்று காக்கா நின்றார். பகலில் கடையில் நின்றார், பின்னேரம் செங்கல் சுமந்தார், முப்பத்தினாலு வயதில்தான் மாப்பிள்ளையானார். அந்தக் கல்லுக்குள் இருந்துகொண்டு அவருடைய ஒரே மகனைக் கள்ளன் என்று எந்த வாயால் சொல்வது? இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று நாள் போனது.

வியாழக்கிழமை அஸ்னா கைபேசியை நீட்டினாள்.

"உம்மா, இஞ்ச பாருங்க. வட்ஸ்அப்பில போட்டிரிக்காங்க. கள்ளன் அம்பிட்டுட்டானாம்."

வீடியோ பள்ளிப் பக்கத்துக் கெமராவில் எடுத்தது. வெறிச்சோடிய ஒழுங்கையில் ஒரு மனிதன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறான். காரியரில் கயிறும் கத்தியும். கீழே எழுதியிருந்தது: இவரைக் கண்டால் உடன் அறிவிக்கவும்.

"செல்லத்தம்பியெல்லோ இது!"

"ஓம் உம்மா. நம்மட ஊட்டுத் தேங்கா பறிக்கிற ஆள். ஜும்ஆ நேரத்தில ஒழுங்கைக்குள்ள வேற ஒத்தரும் இல்லயாம். அவர் மட்டும்தானாம்."

செல்லத்தம்பி நாவிதன்வெளிப் பக்கத்திலிருந்து வருகிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இருபது வருஷமாக வெள்ளிக்கிழமைகளில் அந்த ஒழுங்கையில் மரம் ஏறுகிறார். காலில் தளைக் கயிற்றைப் போட்டுக்கொண்டு ஏறினால் மூன்று மூச்சில் மர உச்சி வட்டுக்குப் போய்விடுவார். காய் வெட்டுவதற்கு முதல் "காய்!" என்று ஒரு குரல் கொடுப்பார், கீழே நிற்கிற பிள்ளைகள் விலகும்வரை வெட்டமாட்டார். குரும்பை ஒன்று வீணாக விழுந்ததில்லை. ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னதும் மரத்திலிருந்து இறங்கிவிடுவார். குத்பா ஓதுகிற நேரத்தில் காய் தொப்பென்று விழுவது மரியாதையில்லை என்பது அவர் கொள்கை. சைக்கிளில் ஏறி ஓடவும் மாட்டார். உருட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்க் கொண்டுவந்த சோற்றைத் தின்றுவிட்டு, தொழுகை முடிந்து சனம் வெளியே வந்த பிறகுதான் அடுத்த மரத்துக்கு வருவார். இதை அவரிடம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த மரியாதைதான் இப்போது அவருக்கு எதிரான சாட்சியாக நின்றது.

சுல்பிகா வீடியோவை மறுபடி போடச் சொன்னாள். செல்லத்தம்பிக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, வெள்ளை ஜுப்பாப் போட்ட ஒருவன் கெமராவுக்கு முதுகு காட்டி நடந்து போனான்.

"இது ஆரு?"

"ஆரோ பிந்தி ஜும்ஆவுக்குப் போறாங்க உம்மா."

அன்றிரவு சுல்பிகா தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, நெய்ச்சோற்றுக்கு அஸ்னா ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்தபோது வெளியே சத்தம் கேட்டது. யன்னலுக்கு நேரே, றஸ்னாவின் கேற்றடியில், செல்லத்தம்பியைச் சுற்றி இருபது இருபத்தைந்து பேர். சைக்கிள் மண்ணில் விழுந்து கிடந்தது. கயிறும் கத்தியும் ஒரு வாலிபன் கையில். இன்னொருவன் கைபேசியில் படம் எடுத்தான். யாரோ நெஞ்சில் பிடித்துத் தள்ளியதில் செல்லத்தம்பியின் சேட்டுப் பொத்தான்கள் அறுந்திருந்தன.

"நான் களவெடுக்கல்ல மரைக்கார்," என்றார் செல்லத்தம்பி. "மரத்தில நிண்டா எல்லா வளவும் தெரியும். எந்த ஊட்டில என்ன கிடக்கெண்டு இருவது வருசமாப் பாக்கிறன். ஒரு குரும்பையக் கேக்காம எடுத்திருப்பனா? சொல்லுங்க."

"அத பொலிசில சொல்லுங்க," என்றார் பளீல். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, அறுபத்திரண்டு வயது. "ஒத்தரும் கை வெக்கப்படா. கை வெச்சா நான் பொல்லாதவன். பொலிசுக்குச் சொல்லியிரிக்கி, வருவாங்க. ஜும்ஆவுக்கு முந்தி இந்த வேலய முடிச்சுருவம்."

செல்லத்தம்பி சேட்டை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சுல்பிகாவின் யன்னலைப் பார்த்தார். அவருக்கு அங்கே ஒன்றும் தெரிந்திருக்காது. கறுப்புக் கண்ணாடிதான் தெரிந்திருக்கும். ஆனாலும் போடியாரின் வீடாயிற்றே என்று அவர் அந்தப் பக்கம் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அஸ்னா! மாமாவ உள்ளுக்குக் கூப்புடு. சுறுக்கா."

பளீல் செருப்பைக் கழற்றிவிட்டு அவசரமாக வந்தார்.

"என்ன தங்கச்சி? சுறுக்காச் சொல்லு. பொலிஸ் வந்துரும்."

"இரிங்க காக்கா."

"இரிக்க நேரமில்ல புள்ள."

"இரிங்க."

அந்தக் குரலில் அவள் அவரிடம் இதற்கு முன் பேசியதில்லை. அவர் கதிரையில் உட்கார்ந்தார்.

"செல்லத்தம்பி எடுக்கல்ல."

"நீ இரக்கப்பட்டுச் சொல்ற. மச்சான்ட காலத்தில இருந்து வாற ஆள், எனக்கும் மனசு கஸ்டம்தான். எண்டாலும் வீடியோ இரிக்கே?"

"இரக்கமில்ல காக்கா. எடுத்தவன நான் கண்டன்."

"கண்டயா? ஆரு?"

அவள் பேர் சொல்லவில்லை. அஸ்னாவின் கைபேசியை வாங்கி வீடியோவைப் போட்டு நீட்டினாள்.

"இத நான் நூறு தரம் பாத்துட்டன்," என்றார் பளீல்.

"செல்லத்தம்பியத்தான் நூறு தரம் பாத்த நீங்க. அவருக்குப் பின்னால போற ஆளப் பாருங்க."

"ஜுப்பாப் போட்ட ஆள். ஜும்ஆவுக்குப் போறாரு."

"பள்ளி எந்தப் பக்கம் காக்கா?"

ஜுப்பாவைக் கண்டதும் ஜும்ஆவுக்குப் போகிறவன் என்று குழுவிலிருந்த எட்டுப் பேரும் தீர்மானித்திருந்தார்கள். அவன் பள்ளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடற்பக்கம் போகிறான் என்பது அந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சாரம் மடித்துக் கட்டிய மனிதன் ஒருவன் கண் முன்னால் நடந்துபோக, ஜுப்பாவை யார் பார்க்கப்போகிறார்கள்?

அவர் கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். ஒருதரம் பார்த்தார். இரண்டாம் தரம் பார்த்தார். வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நடக்கிற நடை. தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவர் பார்த்து வளர்த்த நடை.

"மதிலால இறங்கக்குள்ள முகம் இந்தப் பக்கம் திரும்பின. நான்..."

"பேர் சொல்லாத தங்கச்சி. நீ பேர் சொல்லாத."

வெளியே யாரோ செல்லத்தம்பியை அதட்டினார்கள்.

"ஏழு நாளா நீ ஏன் சொல்லல்ல?"

"பயம் காக்கா. நீங்க கல் சுமந்து கட்டின ஊடு இது. இதுக்குள்ள இருந்துத்து உங்கட நெஞ்சில எப்படி இடிக்கிற? அவன் வந்து கேட்டான். காணல்ல எண்டு பொய் சொன்னன். இத்தாவில இருந்துத்துப் பொய் சொன்னன்." அவள் அழுதாள். அழுதுகொண்டேதான் பேசினாள். "அது என்ட பிழ. அதுக்காக அந்த மனிசன் வெயிலுக்குள்ள நிக்கிறதா?"

பளீல் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்டு செய்வம். செல்லத்தம்பி பொலிசுக்குப் போகட்டும். ரெண்டு நாளில நானே போய் வெளியில எடுக்கிறன். காப்பையும் தேடி றஸ்னாட கையில குடுத்துர்றன். பொடியனயும் எங்கயாவது மருந்து செய்ய அனுப்பிர்றன். ஒத்தருக்கும் தெரியத் தேவல்ல."

"அந்த மனிசன்ட பேர ஆரு காக்கா எடுத்துக் குடுக்கிற?"

"தங்கச்சி..."

"ஊர் முழுக்கக் கள்ளன் எண்டு படம் போட்ட. அவர்ட பொண்டாட்டி பாத்திருப்பா, புள்ளையள் பாத்திருக்கும். இனி எந்த ஊட்டுக் கேற்ற அவருக்குத் திறப்பாங்க?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேளுங்க காக்கா. இத்தா அல்லாஹ்ட ஹக்கு, அவன்ட உரிம. நான் அதில பிழ விட்டா அவன் மன்னிப்பான். இது அந்த மனிசன்ட ஹக்கு. அவர் மன்னிச்சாத்தான் உண்டு. நீங்க சொல்லாட்டி நான் அபாயாவப் போட்டுத்து ஒழுங்கைக்கு இறங்குவன். இத்தா முறிஞ்சா முறியட்டும்."

அவள் அபாயாவைக் கொடியிலிருந்து எடுத்தும் விட்டாள். சும்மா வெருட்டுகிற பெண் அல்ல என்பது அவரைப்போல வேறு யாருக்குத் தெரியும்?

பளீல் எழுந்தார். ஒரு கையைச் சுவரில் ஊன்றி எழுந்தார்.

"அத வெய்," என்றார். "நான் உசிரோட இரிக்கக்குள்ள என்ட தங்கச்சி இத்தா முறிச்சு றோட்டுக்கு வாறதா?"

சுல்பிகா யன்னலுக்கு ஓடினாள். காக்கா வெளியே போனார். எதுவும் பேசாமல் விழுந்துகிடந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். வாலிபன் கையிலிருந்த கயிற்றையும் கத்தியையும் வாங்கிக் காரியரில் வைத்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"களவெடுத்தது இவரில்ல," என்றார். சத்தமாகத்தான் சொன்னார். "என்ட மகன் றிஸ்கான். படம் எடுக்கிற தம்பி, இத எடு. செல்லத்தம்பிட படம் போட்ட இடமெல்லாத்திலயும் இதப் போடு. கள்ளன்ட வாப்பா சொன்ன எண்டு போடு."

பளீல் செல்லத்தம்பிக்கு முன்னால் போய் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"செல்லத்தம்பி, என்ன நீங்க மன்னிக்கணும். கேக்கிறதுக்கும் எனக்கு முகமில்ல."

"தொப்பியப் போடுங்க மரைக்கார்," என்றார் செல்லத்தம்பி. அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. "தள்ளினது எனக்குப் பெரிசில்ல. போடியார்ட ஊட்டுக்கு முன்னால வெச்சுக் கள்ளன் எண்ட, அதத்தான் தாங்க ஏலாமப் போச்சு."

பளீல் பொலிசுக்குப் போன் எடுத்து, வரத் தேவையில்லை, நானே ஆளைக் கொண்டு வாறன் என்றார். பிறகு கடற்கரைப் பக்கமிருக்கிற தான் குடியிருக்கிற பெண்சாதி வீட்டை நோக்கி நடந்தார். சனம் கலையவில்லை. செல்லத்தம்பியும் போகவில்லை. றஸ்னா உள்ளேயிருந்து ஊசியும் நூலும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் மதில் நிழலில் குந்தியிருந்து அறுந்த பொத்தான்களைத் தைத்துக்கொண்டிருந்தார்.

அரைமணித்தியாலத்தில் பளீல் திரும்பி வந்தார். பொலிசுக்குப் போகப் பின்பக்கத்தால் வேறு பாதை இருந்தது. அதில் போயிருந்தால் ஒரு கண்ணிலும் பட்டிருக்கமாட்டார்கள். அவர் கிணத்தடி ஒழுங்கையாலேதான் வந்தார். றிஸ்கானின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். இழுக்கவுமில்லை, தள்ளவுமில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற பிள்ளையைப் பிடிக்கிற மாதிரித்தான் பிடித்திருந்தார். மற்றக் கையில் ஒரு கடதாசிப் பொட்டலம். றஸ்னாவின் கேற்றடியில் நின்று அதைப் பிரித்து ஒற்றைக் காப்பைக் கொடுத்தார். மற்றது விற்றுப்போய்விட்டது, அதற்குத் தானே பொறுப்பு என்றார். றிஸ்கான் தலையைத் தூக்கவேயில்லை. யன்னலுக்கு நேரே வந்தபோது மட்டும் ஒருதரம் தூக்கி, கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தான். சுல்பிகா பின்வாங்கவில்லை.

கூட்டத்துக்குள்ளிருந்து செல்லத்தம்பி எழுந்து சைக்கிளை எடுத்தார்.

"நில்லுங்க மரைக்கார். நானும் வாறன்."

"நீங்க என்னத்துக்கு? வெயில். ஊட்ட போங்க."

"நீங்க தனியப் போனா மெயின் ரோட்டுச் சனமெல்லாம் உங்களத்தான் பாக்கும். இப்பதான் நானும் அந்தப் பார்வைக்குள்ள நிண்ட. ஒருத்தன் தனிய நிக்க ஏலா அதுக்குள்ள." சைக்கிளைத் திருப்பி றிஸ்கானின் மற்றப் பக்கத்தில் நிறுத்தினார். "வாங்க, நடப்பம்."

பளீல் அவரைப் பார்த்தார். தலையை ஆட்டினார். அந்த ஒழுங்கையில் அன்று காலை பேசியவர்களில் மிகப் பெரிய மனிதன் யார் என்று யாராவது கேட்டிருந்தால், ஒருவராலும் சட்டென்று சொல்லியிருக்க முடியாது. அந்தப் பேருக்குப் பொருத்தமானவர்கள் ஒருவருக்கு மேல் இருந்தார்கள்.

அறைக்குள் சுல்பிகா திரையைக் கையில் பிடித்தபடியே அழுதாள். ஏழு நாளாக அடைத்துக் கிடந்தது உடைந்து வந்தது. பிறகு முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு உரக்கக் கூப்பிட்டாள்.

"அஸ்னா! ஓடு புள்ள. அவங்க வாய் நனைக்காமப் போறாங்க. தண்ணி கொண்டு குடு."

அஸ்னா குசினியில் இரண்டு கிளாசைக் கழுவினாள்.

"மாமாவுக்கும் செல்லத்தம்பிக்கும்தானே உம்மா?"

"மூணு எடு," என்றாள் சுல்பிகா.